போத்தனூர் போதைப் புராணம்

போத்தனூர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு தகவல் வந்து விழும்: "ரயிலு மொதல்ல எங்கூருக்குத்தானுங்க வந்துச்சு." உண்மைதான். 1862இல் சென்னையிலிருந்து வந்த ரயில் போத்தனூரைத் தொட்டுக்கொண்டு மேற்குக் கடற்கரைக்குப் போய்விட்டது. கோயம்புத்தூர் என்று ஓர் ஊர் இருப்பதை அது கண்டுகொள்ளவே இல்லை. கோவைக்குத் தண்டவாளம் வர 1873 ஆயிற்று, அதுவும் மேட்டுப்பாளையத்துக்குப் போகிற கிளைப் பாதையில். இவ்வளவு மரியாதையுள்ள ஊரை விட்டுவிட்டுக் கொங்குநாட்டின் போதை வரலாற்றை வேறெங்கே தொடங்குவது? பக்கத்திலேயே வெள்ளலூரும் இருக்கிறது.

வெள்ளலூரில் 1842இல் ஒரு புதையல் கிடைத்தது. 522 ரோமானிய வெள்ளிக்காசுகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் ரோமாபுரிக்காரன் கொட்டிய பணம் அது. வாங்க மட்டும் வந்தவனில்லை அவன். விற்கவும் கொஞ்சம் கொண்டுவந்தான். யவனர் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுக்க, நாள்தோறும் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார், புறநானூற்றில் இருக்கிறது. நாள்தோறும்! இன்றைக்கு ஒரு டாக்டர் இப்படி எழுதிக் கொடுத்தால் அவருடைய பதிவு பறிபோகும். புலவர்களுக்கு அப்போது மருத்துவக் கவுன்சில் இல்லை.

அதே புறநானூற்றில் தகடூர் அதியமானைப் பற்றி ஔவையார் அழுது பாடிய பாட்டும் இருக்கிறது. கள் கொஞ்சமாக இருந்தால் தனக்கு வைத்துக்கொள்ளாமல் ஔவைக்கே கொடுத்துவிடுவானாம். நிறைய இருந்தால் அவளைக் குடிக்கவைத்துப் பாடச் சொல்லி, தானும் குடிப்பானாம். தமிழாசிரியர்கள் இதைக் கொடைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நான் இதை மருத்துவச் சான்றிதழாகப் படிக்கிறேன். சரக்கு குறைவாக இருக்கும்போது எதிராளியிடம் நீட்டுகிறவன் அடிமை இல்லை. அடிமையானவன் கடைசிக் கால்பாட்டிலைக் கொடுக்கமாட்டான். ஔவையையே வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவான். அதியமானின் நடுமூளை ஆரோக்கியமாக இருந்திருக்கிறது என்று 2000 வருஷம் கழித்துத் துணிந்து எழுதித் தருகிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 1965 வரை தர்மபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. இந்தியாவிலேயே முதல் பரிசோதனையாக ராஜாஜி 1937இல் கள்ளுக்கடைகளை மூடியது எந்த மாவட்டத்தில்? சேலத்தில். அதியமான் ஔவைக்கு ஊற்றிக்கொடுத்த அதே மண்ணில் ஊற்றிக் கொடுத்தால் ஜெயில்.

அவசரப்படாமல் வரிசையாக வருவோம். இந்தப் புராணத்தில் வருகிற பெரிய மனிதர்களில் ஒருவர் மரத்தைப் பார்த்தார், ஒருவர் கடையைப் பார்த்தார், மற்றவர்கள் கல்லாவைப் பார்த்தார்கள். குடிக்கிறவன் தலைக்குள் எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அப்போது எட்டிப் பார்க்க வழியில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் கல்லாவைப் பார்த்தவன் வெள்ளைக்காரன். கள்ளுக்கடையை ஏலம் விட்டான், சாராயத்துக்குத் தீர்வை போட்டான். 1930களில் சென்னை மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால்பங்கு இந்த வழியில் வந்தது. பள்ளிக்கூடம் நடத்தவும் பாலம் கட்டவும் குடிமகன் தினமும் சாயங்காலம் தள்ளாடியாக வேண்டும். ஒருவன் குடிக்காமல் வீட்டுக்குப் போனால் எங்கோ ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் குறைந்தது.

அடுத்து மரத்தைப் பார்த்தவர் ஈரோட்டு வெங்கடப்ப நாயக்கர் மகன் ராமசாமி. 1921, காங்கிரஸ்காரராக இருந்த காலம். காந்தி கள்ளுக்கடை மறியலுக்குக் குரல் கொடுத்தார். ஈரோட்டில் மறியல் செய்து இவர் சிறைக்குப் போக, மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் தெருவில் இறங்கி மறியலைத் தொடர்ந்தார்கள். அதோடு நிற்காமல், கள் இறக்க விடக்கூடாதென்று சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் 500க்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார்.

தென்னை செய்த குற்றம் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால் சொட்டுவது வெறும் இனிப்புத் தண்ணீர். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது தெளுவு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு சொம்பு கொடுத்து அனுப்பலாம். தடவாவிட்டால் காற்றிலும் பழைய முட்டியின் ஓரத்திலும் ஒட்டியிருக்கிற ஈஸ்ட் விடிவதற்குள் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கி வைத்துவிடும்; அது கள். இரண்டுக்கும் நடுவே விரலில் எடுத்துத் தடவுகிற சுண்ணாம்புதான். நாலணாச் சுண்ணாம்பில் முடிகிற காரியத்துக்கு ஐநூறு மரம் விழுந்தது. பின்னாளில் அதே பெரியார் மதுவிலக்குச் சட்டத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார் என்பதைத் தென்னை மரங்களிடம் யாரும் போய்ச் சொல்லவேண்டாம்.

மூன்றாவது ஆள் திருச்செங்கோடு புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் இருந்தார். ராஜாஜி அங்கிருந்து 1929இல் 'விமோசனம்' என்று ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். மதுவிலக்கு தவிர வேறு விஷயம் அதில் கிடையாது. துணையாசிரியர் ஓர் இளைஞர், பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி. பிற்காலத்தில் வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றி விட்ட கல்கிதான். தமிழ்நாட்டைச் சிரிக்கவைக்கப் போகிற ஒரு மனிதரைப் பிடித்துவந்து, ஆசிரமத்தில் உட்காரவைத்து, மாதாமாதம் குடியின் கேட்டைப் பற்றி எழுது என்றால் எப்படி இருக்கும்? பத்து இதழோடு பத்திரிகை நின்றது. ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போய்விட்டார். கல்கி கொஞ்ச நாளில் ஆனந்த விகடனுக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வாரப் பத்திரிகைத் தொடர்கதை என்ற வஸ்துவுக்கு எத்தனை லட்சம் குடும்பங்கள் அடிமையாயின, தபால்காரர் தாமதமாக வந்த நாளில் எத்தனை பெண்களுக்குக் கை நடுங்கியது என்பதற்குக் கணக்கில்லை. போதையை ஒழிக்கக் கிளம்பியவர் வேறொன்றை ஊற்றிவிட்டுப் போனார்.

1937 அக்டோபர் 1. முதல்வர் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் கடையை மூடினார். கூலிப் பணம் வீட்டுக்கு வந்தது என்று பெண்கள் மகிழ்ந்தது பொய்யில்லை. ஆனால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்கவேண்டுமே? 1939இல் விற்பனை வரி வந்தது. அதாவது, குடிக்கிறவன் மட்டும் கட்டிக்கொண்டிருந்ததை, அவன் குடியை நிறுத்தியதற்குத் தண்டமாக எல்லோரும் கட்டினோம். குடியைப் பிற்பாடு திறந்துவிட்டார்கள். வரியை மட்டும் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்கள். ஜி.எஸ்.டி. பில்லைப் பார்த்துத் தலைசுற்றுகிறவர்கள் அந்தச் சுற்றலின் பூர்வீகம் கள்ளுக்கடை என்று தெரிந்துகொள்ளலாம்.

1948இல் மாகாணம் முழுக்கக் காய்ந்தது. அக்டோபர் 2 முதல் எந்த மூலையிலும் ஒரு சொட்டு கிடையாது. அதே வருஷம் கோபன்ஹேகனில் நடந்திருந்த ஒரு கூத்து வெளியே வந்தது. யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்று இரண்டு டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் குடற்புழுவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். புதிய மருந்தை முதலில் தாங்களே விழுங்கிப் பார்ப்பது அவர்கள் கம்பெனி வழக்கம்; அப்படி விழுங்குகிறவர்களுக்கு 'மரணப் படை' என்று செல்லப்பெயர். மாத்திரையைப் போட்டுக்கொண்டு குடித்ததும் முகம் தக்காளியாயிற்று, நெஞ்சு படபடத்தது, குமட்டியது. புழு என்னவாயிற்று என்று தெரியவில்லை, குடி மாட்டிக்கொண்டது. டைசல்ஃபிரம் என்ற அந்த மருந்தைப் பற்றி 1948இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். இன்றும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள்.

விஷயம் கல்லீரலில் நடக்கிறது. குடித்த ஆல்கஹாலை ஒரு நொதி அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது, அது விஷம். இரண்டாவது நொதி அந்த விஷத்தை உடனே தீங்கில்லாததாக மாற்றிவிடுகிறது. மாத்திரை இரண்டாவது நொதியைக் கட்டிப்போடுகிறது, விஷம் தேங்குகிறது, மனுஷன் படாத பாடு படுகிறான். ஜப்பான், சீனா, கொரியாவில் பலருக்கு இந்த இரண்டாவது நொதி பிறவியிலேயே சோம்பேறி. ஒரு கிளாசிலேயே முகம் சிவந்து படுத்துவிடுவார்கள்; அதனால் அவர்களில் குடிநோயாளி ஆகிறவர்கள் குறைவு. மாத்திரை இல்லாமலே, சட்டம் இல்லாமலே, மரபணு போட்ட மதுவிலக்கு. நம் பக்கம் அந்த மரபணு அரிது. சேர நாட்டுக்கும் கொங்குநாட்டுக்கும் எல்லை பிரித்துக்கொடுத்த கடவுள் இந்த ஒரு சலுகையை நமக்குத் தரவில்லை.

இன்னும் ஆறு வருஷம் போகட்டும். 1954. ராஜாஜி இரண்டாம் முறை முதல்வராக இருந்து, குலக்கல்வித் திட்டத்தில் மாட்டி, பதவியை விட்டு இறங்கிய வருஷம். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் ஒரு கம்பியைச் செருகினார்கள். குறி தவறி வேறோர் இடத்தில் போய் நின்றது கம்பி. மின்சாரம் கொடுத்த மூலைக்கே எலி திரும்பத் திரும்ப வந்தது. எலியே அமுக்கிக்கொள்ளட்டும் என்று ஒரு பட்டையை வைத்துக் கொடுத்தார்கள். அமுக்கியது. மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அமுக்கியது. தூக்கத்தை மறந்தது. போத்தனூர் ஸ்டேஷனில் செல்போனைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே ரயிலை விட்டவனைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அந்தக் கம்பி தொட்டது டோபமைன் என்ற ரசாயனம் ஓடுகிற பாதை என்று பிற்பாடு தெரிந்தது. மனிதனின் நடுமூளையில் இந்த வேலைக்கு இருப்பவை சில லட்சம் நரம்பணுக்கள்தான். கள், பீடி, கஞ்சா, அபின், ரம்மி எல்லாம் கடைசியில் வந்து கதவைத் தட்டுவது இங்கேதான். டோபமைன் என்றால் இன்பம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதை மிச்சிகன் பல்கலைக்கழகத்து கென்ட் பெரிட்ஜ் உடைத்தார். டோபமைனை ஏறக்குறைய முழுதாக அழித்துவிட்ட எலியின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் உதட்டை நக்கிக்கொண்டு ரசிக்கிறது. ஆனால் இரண்டடி தள்ளி வைத்தால் எழுந்து போகமாட்டேன் என்கிறது. பட்டினி கிடந்து சாகும். ஆக, ருசிப்பது வேறு இலாகா, தேடி ஓடுவது வேறு இலாகா. டோபமைன் இரண்டாவது இலாகா.

குடிகாரர் வீட்டுப் பெண்களுக்கு இது பல நூற்றாண்டுகளாகத் தெரியும். "குடிச்சுட்டு சந்தோசமாவது இருக்கறாரா பாருங்க, அதுவுமில்லீங்க" என்று அவர்கள் சொல்லாத நாளில்லை. வருஷங்கள் போகப் போக ருசி குறைந்துகொண்டே வருகிறது. ஓட்டம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பிடிக்காமலே குடிப்பது என்பது நடிப்பு இல்லை.

சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் இன்னொன்றைக் காட்டினார். குரங்குக்கு விளக்கைப் போட்டுவிட்டுப் பழரசம் கொடுத்தார். முதல் சில நாள், ரசம் நாக்கில் பட்டதும் டோபமைன் அணுக்கள் துடித்தன. பழகப் பழக, விளக்கு எரிந்தவுடனே துடித்தன. ரசம் வரும்போது சும்மா இருந்தன. விளக்கைப் போட்டு ரசத்தைக் கொடுக்காவிட்டால், இருந்த துடிப்பும் அடங்கியது. இப்போது டாஸ்மாக் வாசலில் பகல் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் நில்லுங்கள். பூட்டில் சாவி நுழைகிற சத்தம். ஷட்டர் அரை அடி தூக்கப்படுகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள், ஒருவர் எச்சிலை விழுங்குகிறார், இன்னொருவர் பையில் மடித்த நோட்டை மறுபடி தொட்டுப் பார்க்கிறார். ஒரு சொட்டு இன்னும் உள்ளே போகவில்லை. பாதி வேலை முடிந்துவிட்டது. பெரியார் வெட்டவேண்டியது மரத்தை இல்லை, அந்த ஷட்டர் சத்தத்தை என்று சொல்லலாம்; கோடாலி அதற்கு எட்டாது.

மீண்டும் நம் ரயிலுக்கு வருவோம். போத்தனூரிலிருந்து மேற்கே மதுக்கரை, எட்டிமடை, அடுத்து வாளையாறு. அங்கே கேரளம் தொடங்குகிறது. பழைய மலபாரும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து காய்ந்து கிடந்தது. 1967இல் ஈ.எம்.எஸ். அரசு அங்கே மதுவிலக்கை எடுத்தது. தமிழ்நாட்டில் எடுத்தது 1971இல். நடுவில் நாலு வருஷம், மூன்று ஸ்டேஷன் தள்ளி ஈரம், இங்கே வறட்சி. சாயங்காலம் பாலக்காட்டுப் பக்கம் அத்தை வீட்டு விசேஷம் என்று கிளம்பியவர்களுக்கெல்லாம் அங்கே அத்தை இருந்தாளா என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் குடி கிடைத்தும் மூன்று ஸ்டேஷன் போகாத ஆட்களும் இதே ஊரில் ஏராளம். அத்தனை பேருக்கும் ஒரே ரயில், ஒரே டிக்கெட். ஒருவன் போகிறான், ஒருவன் போவதில்லை. போனவர்களிலும் ஒருவன் கடைசி வண்டிக்குத் திரும்புகிறான், ஒருவன் திரும்புவதில்லை. இந்த வித்தியாசத்துக்குத்தான் ராஜாஜியிடமும் பதில் இல்லை, கலைஞரிடமும் இல்லை.

1971 ஆகஸ்ட் 30இல் கலைஞர் கடையைத் திறந்தார். 92 வயது ராஜாஜி மழையில் அவர் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். முதல்வருக்கோ கஜானாக் கவலை. அந்தப் பக்கம் அமெரிக்காவில் அதே 1971இல் நிக்சனுக்கு வேறொரு தலைவலி. வியட்நாமில் இருந்த சிப்பாய்கள் ஹெராயினில் முங்கிக் கிடந்தார்கள். ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் சிறுநீர் கொடுத்துவிட்டுத்தான் ஏறவேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தத் திட்டத்துக்குப் 'பொன்னோட்டம்' என்று பெயர் வைத்த ராணுவ அதிகாரி நம் ஊர் மேடையில் பிறந்திருக்கவேண்டியவர்.

செப்டம்பர் 1971இல் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார் லீ ராபின்ஸ் என்ற பெண்மணி. வியட்நாமில் ஐந்தில் ஒருவன் அடிமையாக இருந்திருக்கிறான். ஊர் வந்த முதல் வருஷத்தில் அந்த அடிமைகளில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான்! ஹெராயினைத் தொட்டவன் செத்தான் என்று நம்பிக்கொண்டிருந்த டாக்டர்களே நம்பவில்லை. போர் இல்லை, குண்டில்லை, கூடக் குடித்த கூட்டாளி இல்லை. தூண்டிவிடுகிற விளக்குகள் எல்லாம் ஏழு கடலுக்கு அந்தப்பக்கம். இந்த வகையில் ராஜாஜி பாதி பாஸ். சூழல் மாறினால் பலர் தாமாகவே வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் சேலத்துக்காரன் ஊர் மாறவில்லை; அதே பண்ணை, அதே வட்டிக்காரன், அதே தோப்பு. முட்டி மட்டும் ஒளிந்துகொண்டது. மீதி அந்த 5 சதவீதக்காரன் யார் என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு மதுவிலக்கில் பாடமே கிடையாது.

கலைஞர் 1973இல் கள்ளுக்கடையை மூடினார், 1974இல் சாராயத்தையும் மூடினார். திறந்ததும் அவரே. அந்த 1973இல்தான் டொனால்டு குட்வின் குழுவின் டென்மார்க் ஆராய்ச்சி வெளிவந்தது. குடிநோயாளிக்குப் பிறந்து, குழந்தையிலேயே வேறு வீட்டுக்குத் தத்துப்போன ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். பெற்ற அப்பன் முகத்தையே பார்க்காத அவர்களில் 18 சதவீதம் பேர் குடிநோயாளி ஆனார்கள். சாதாரணக் குடும்பத்திலிருந்து தத்துப்போனவர்களில் 5 சதவீதம். 'அப்பனைப் பார்த்துக் கெட்டான்' என்று நாம் சொல்வதில் 'பார்த்து' தேவையில்லை என்று ஆயிற்று. இரட்டையர்களை ஆராய்ந்தவர்களும் பிற்பாடு இதையே சொன்னார்கள்: குடிக்கு அடிமையாகிற வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணுவைச் சேர்ந்தது. ஒற்றை மரபணு இல்லை. நூற்றுக்கணக்கில், ஆளுக்கு அரைச் சிட்டிகை.

மரபணு தலைக்குள் என்ன செய்கிறது? மார்க் ஷுக்கிட் என்ற அமெரிக்க டாக்டர் குடிநோயாளிகளின் பிள்ளைகளுக்கு அளந்து ஊற்றிப் பார்த்தார். சிலருக்கு ஏறவே இல்லை. தள்ளாட்டமில்லை, உளறலில்லை. பத்து வருஷம் கழித்துத் தேடிப்போனால், குடிநோயாளி ஆனவர்கள் பெரும்பாலும் அந்த ஏறாத கூட்டம்தான். கொங்குநாட்டுக் கல்யாண வீடு ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் கேட்கலாம்: "எங்க மாமா ஒரு ஃபுல்லு அடிச்சாலும் நட்டமா நின்னு பந்தி விசாரிப்பாருங்க!" மாப்பிள்ளை வீட்டார் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். விஞ்ஞானம் அந்த மாமாவைத்தான் முதலில் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்கிறது. அரை கிளாசில் வாந்தி எடுத்துப் பந்தலோரம் படுத்தாரே சின்ன மாமா, எல்லோரும் சிரித்தார்களே, அவர் பிழைத்துக்கொள்வார்.

வயசும் ஒரு கணக்கு. அவசரத்துக்குக் கடிவாளம் போடுகிற முன்மூளை முதிர்ந்து முடிய இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிறது. ஓடச் சொல்கிற பகுதி பதினைந்திலேயே தயார். அமெரிக்காவில் 1997இல் வந்த ஒரு கணக்கு: 15 வயதுக்கு முன்னால் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் குடியைச் சார்ந்தவர்கள் ஆனார்கள்; 20க்கு மேல் தொடங்கியவர்களில் 10 சதவீதம். திருவிழாவில் பேரன் வாயில் ஒரு மடக்கு ஊற்றிவிட்டு, "ஆம்பளப் பையனுங்க" என்று சிரிக்கிற அப்பாருகள் இந்த இரண்டு எண்ணையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது குரங்குக் கதை. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடர் குழுவினர் செய்தது, 2002இல் வெளிவந்தது. குரங்குகளைத் தனித்தனியாக வைத்து மூளையைப் படம்பிடித்தார்கள். டோபமைனை வாங்கிக்கொள்கிற ஏற்பிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. நாலு நாலாகச் சேர்த்து ஒரு கூண்டில் விட்டார்கள். மூன்று மாதத்தில் ஒன்று பெரிய கவுண்டராயிற்று, மற்றவை ஒதுங்கி நின்று கும்பிட்டன. மறுபடி படம்பிடித்தால், தலைமைக் குரங்குக்கு ஏற்பி கூடியிருந்தது, அடங்கிப்போனவற்றுக்குக் கூடவில்லை. கோக்கெயின் வைத்துப் பார்த்தார்கள். பெரியவர் அவ்வளவாகச் சீண்டவில்லை. மிதிபட்டவை விடாமல் எடுத்துக்கொண்டன.

இதைப் படித்துவிட்டு நூறு வருஷத்து மதுவிலக்குப் பிரசங்கங்களை நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வேறென்னவோவும் வருகிறது. பண்ணையாள் குடிக்கிறான், ஒழுக்கமில்லை என்று பண்ணையார் தலைமையில் கூட்டம் போட்டோம். யாருடைய காலடியில் நின்று அவன் மூளை அப்படி ஆயிற்று என்று தலைமை வகித்தவரைப் பார்த்து யாரும் கேட்கவில்லை.

மிச்சக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. எம்.ஜி.ஆர். 1981இல் திறந்தார், 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 1987இல் கள்ளும் சாராயமும் போய்ப் பாட்டில் மட்டும் நின்றது. கள் இறக்க விடுங்கள் என்று கொங்கு விவசாயிகள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2003 நவம்பரில் அரசே சில்லறைக் கடைக்காரர் ஆயிற்று. 2023-24இல் வருமானம் 45,855 கோடி ரூபாய். இந்தக் கடைகளை நடத்துகிற விதிகள் எந்தச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்டவை தெரியுமா? 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி போட்ட அதே சட்டம். துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. சைவ ஓட்டல் போர்டுக்குக் கீழே கறி வறுக்கிற சாமர்த்தியம் நம்மவர்களுக்கு மட்டும்தான் வரும். இத்தனை கடை இருந்தும் 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். அங்கே எனக்கு நகைச்சுவை ஓடவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்து, சேலத்தில் ராஜாஜி செய்ததை ஒரே ராத்திரியில் நாடு முழுக்கச் செய்தது. பலர் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள், ராபின்ஸ் கண்ட சிப்பாய்கள் மாதிரி. சிலருக்குக் கை நடுங்கியது, வலிப்பு வந்தது, இல்லாத ஆட்களோடு பேசினார்கள். சிலர் வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்துச் செத்தார்கள். காரணம் எளிது. ஆல்கஹால் மூளைக்குப் பிரேக். வருஷக்கணக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், வண்டி நிற்காமலிருக்க மூளை ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிக்கப் பழகிவிடுகிறது. பிரேக்கிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தால் வண்டி எங்கே போகும்?

அதனால் போத்தனூரிலோ வேறெங்கோ இதைப் படிக்கிற வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பல வருஷமாக தினமும் குடிக்கிறவரிடம் சாமி முன்னால் சூடமேற்றி, நாளை முதல் தொடாதே என்று சத்தியம் வாங்காதீர்கள். திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த முதல் வாரத்தை மருத்துவர் கண்ணெதிரில் கழிப்பது நல்லது. அதற்குப் பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் இருக்கின்றன. அந்த டென்மார்க் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் வேலை மட்டும் வேண்டாம், நெஞ்சைப் பிடித்துவிடும். கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446.